அன்பு நீதியாய் மலர்ந்த வரலாறு
(அருளாளர் இராணி மரியாவின் ஆன்மிக வளர்ச்சி: ஒரு சிந்தனை)

பத்தாம் வகுப்பு மாணவி, கூரம்

முன்னுரை

புனிதர்கள் பிறக்கும்போதே புனிதர்களாகப் பிறப்பதில்லை. விதை முளையாகி, முளை செடியாகி, செடி மரமாவதுபோல அவர்களும் படிப்படியாக வளர்கிறார்கள். ஆலயத்தில் சுரூபமாக நாம் காண்பது வளர்ந்து முடிந்த மரத்தை மட்டுமே. அது வளர்ந்த கதையை அறிந்தால்தான் நாமும் வளர வழி தெரியும்.

கட்டுரைக்குள் நுழையுமுன் சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். எங்களோடு படித்த தோழி ஒருத்தி காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு பள்ளிக்கு வரவில்லை. பெயர் வேண்டாம். வீட்டில் கஷ்டம் என்று கேள்விப்பட்டோம். தவக்காலத்தில் சேமிப்பதுபோல ஆளுக்குக் கொஞ்சம் பணம் சேர்த்து நோட்டுப் புத்தகங்களும் ஜாமெட்ரி பாக்ஸும் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனோம். வாங்கிக்கொண்டு அழுதாள். நாங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற நிறைவோடு திரும்பினோம்.

ஆனால் அவள் பள்ளிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று எங்களில் ஒருத்தியும் கேட்கவில்லை.

பின்னர் மறைக்கல்வி வகுப்பில் அருளாளர் இராணி மரியாவைப் பற்றிப் படித்தபோது, கேட்காமல் விட்ட அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. ஏழைக்குக் கொடுப்பது அன்பு. அவன் ஏன் ஏழையாக இருக்கிறான் என்று கேட்பதும் அன்புதானா? ‘ஆம்’ என்று தம் வாழ்வால் விடை சொன்னவர் இந்த அருட்சகோதரி.

புல்லுவழிச் சிறுமி

கேரள மாநிலம் எர்ணாகுளம் மாவட்டத்தில் பெரும்பாவூருக்கு அருகில் புல்லுவழி என்ற சிற்றூர் உள்ளது. அங்கே 1954-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் வட்டாலில் குடும்பத்தில் பைலி, எலீஸ்வா தம்பதியருக்கு மகளாகப் பிறந்தார். மரியம் என்று பெயரிட்டனர். பக்தியுள்ள உழவர் குடும்பம் அது. உடன்பிறந்தவர்களோடு வீட்டு வேலையும் செபமுமாக வளர்ந்தார்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் 1972-இல் பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையில் சேர்ந்தார். 1974 மே 1-ஆம் நாள் முதல் வார்த்தைப்பாடு கொடுத்தார். மரியம் அன்று முதல் இராணி மரியா ஆனார். தங்கை செல்மி பவுலும் பின்னர் இதே சபையில் சேர்ந்தார்.

1888-இல் சங்கனாச்சேரியில் தோன்றிய இந்தச் சபைதான் புனித அல்போன்சாவையும் நமக்குத் தந்தது. இந்தியாவின் முதல் பெண் புனிதராக 2008-இல் உயர்த்தப்பட்ட அல்போன்சா, பரணங்கானம் மடத்தில் நோய்ப்படுக்கையிலே துன்பங்களை இறைவனுக்கு ஒப்புக்கொடுத்து 1946-இல் இறந்தவர். ஒரே சபை, ஒரே செபம், ஒரே துறவற உடை. ஒருவருக்கு நோயறை பலிபீடம் ஆயிற்று. மற்றவருக்கு மலைப்பாதை பலிபீடம் ஆயிற்று. இறைவன் அழைக்கும் வழிகள் எத்தனை!

முதற்படி: கற்பித்தல்

இராணி மரியா 1975-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டி உத்தரப்பிரதேசத்தின் பிஜ்னோர் நகருக்கு வந்து சேர்ந்தார். கேரளத்துப் பெண்ணுக்கு அங்கே மொழி புதிது, உணவு புதிது, குளிரும் புதிது. முதலில் இந்தி கற்றார். 1976 முதல் 1978 வரை அங்குள்ள புனித மரியன்னை பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றினார்.

கற்பித்தல் எத்துணை உயர்ந்த பணி என்பது நமக்குத் தெரியும். நம் சிஸ்டர்கள் நாள்தோறும் அதைத்தானே செய்கிறார்கள்! ஆனால் பள்ளிக்கு வரமுடிந்த பிள்ளைகளுக்குத்தான் பள்ளியில் கற்பிக்க முடியும். வராத பிள்ளைகள் வயலிலும் செங்கல் சூளையிலும் இருப்பார்கள். 1978-இல் அவர் வகுப்பறையை விட்டுச் சமூகப் பணிக்கு வந்தார். 1980-இல் நித்திய வார்த்தைப்பாடு கொடுத்துத் தம்மை முழுமையாக இறைவனுக்கு அர்ப்பணித்தார்.

மனத்தின் வளர்ச்சி செயலில் தெரியும். வகுப்பறைக்கு வந்தவர்களை நேசித்த ஆசிரியை, வராதவர்களைத் தேடிப் போகும் சகோதரி ஆனார். இது முதற்படி.

இரண்டாம் படி: காரணம் கேட்டல்

1983-இல் அவர் மத்தியப்பிரதேசத்தில் சாத்னா மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஓடகடிக்கு அனுப்பப்பட்டார். பழங்குடி மக்கள் வாழும் பகுதி அது. 1985 முதல் 1992 வரை அங்கே மடத்துத் தலைவியாகவும் இருந்தார். பணியின் நடுவிலே ரீவா பல்கலைக்கழகத்தில் சமூகவியல் முதுகலைப் படிப்பும் படித்தார்.

செபமும் சேவையும் இருக்கும்போது சமூகவியல் எதற்கு என்று சிலர் கேட்கலாம். மருத்துவர் ஆகவேண்டியவர் உடலைப் பற்றிப் படிப்பதுபோல, ஏழைகளோடு வாழவேண்டியவர் ஏழ்மை எப்படி உண்டாகிறது என்று படிக்கவேண்டும் அல்லவா? காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போடுவது அன்பு. காய்ச்சல் எதனால் வந்தது என்று கண்டு மருந்து தருவதும் அன்பே.

1992 மே மாதம் அவர் இந்தூர் மறைமாவட்டத்து உதய்நகருக்கு வந்தார். காடும் மலையும் சூழ்ந்த ஊர். சுற்றுக் கிராமங்களில் வாழ்ந்த பழங்குடி உழவர்கள் காலங்காலமாக வட்டிக்காரர்களின் பிடியில் இருந்தனர். மழைக்கு முன் விதை வாங்கப் பணம் வேண்டும். வங்கி தூரம்; படிவம் நிரப்ப எழுத்துத் தெரியாது. எனவே உள்ளூர்ப் பணக்காரரிடம் கடன். அறுவடை முடிந்ததும் விளைச்சல் அவருக்கே போகும். அடுத்த மழைக்கு மீண்டும் கடன்.

இது எப்படிக் கழுத்தை நெரிக்கும் என்பதை நம் கணக்குப் பாடத்தைக் கொண்டே பார்க்கலாம். நம் ஊர்ப் பக்கம் ‘அஞ்சு வட்டி’ என்பார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து ரூபாய். கேட்பதற்குச் சிறிய தொகைதான். ஆயிரம் ரூபாய் வாங்கியவர் ஓராண்டில் வட்டியாக மட்டும் 600 ரூபாய் கட்டவேண்டும். மாதாமாதம் கட்டமுடியாமல் வட்டியும் முதலோடு சேர்ந்தால், பன்னிரண்டு மாதத்தில் 1,000 ரூபாய் ஏறக்குறைய 1,796 ரூபாய் ஆகிவிடும். அதே ஆயிரத்தை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் வங்கியில் வாங்கினால் வட்டி 120 ரூபாய்தான். கூட்டு வட்டிக் கணக்கை நாம் மதிப்பெண்ணுக்காகப் படிக்கிறோம். அந்தக் கணக்குத் தெரியாமல் கைநாட்டு வைத்தவர்கள் நிலத்தையே இழந்தார்கள்.

மூன்றாம் படி: மக்களோடு நிற்றல்

இராணி மரியா கிராமம் கிராமமாக நடந்தார். வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து பேசினார். முதியோருக்கு எழுத்தறிவு வகுப்புகள் நடத்தினார். அரசு ஏழைகளுக்கென்று வகுத்த திட்டங்கள் எவை, யாரிடம் எப்படி மனுக் கொடுப்பது என்று சொல்லிக் கொடுத்தார். வங்கிக்கு அவர்களைக் கூட்டிச் சென்றார். பெண்களைச் சேமிப்புக் குழுக்களாகச் சேர்த்தார்.

சேமிப்புக் குழு என்பது நம் அம்மாக்கள் நன்கு அறிந்ததே. நம் மாநிலத்தில் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு முயற்சி பின்னர் எல்லா மாவட்டங்களுக்கும் பரவியது. இருபது பெண்கள் மாதம் பத்து ரூபாய் போட்டால் மாதம் இருநூறு ரூபாய் சேரும். தொகை சிறிதுதான். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு தாய் வட்டிக்காரர் வாசலில் நிற்கவேண்டியதில்லை. அந்தத் துணிவுதான் பெரிது.

இங்கேதான் எதிர்ப்பு வந்தது. அரிசி கொடுத்தபோது சகோதரிகளை எல்லாரும் புகழ்ந்தார்கள். கணக்குக் கேட்கக் கற்றுக் கொடுத்தபோது சிலருக்குக் கோபம் வந்தது. மக்கள் கடன் வாங்க வருவது குறைந்தது. கூலி எவ்வளவு என்று நிமிர்ந்து கேட்டார்கள். மதம் மாற்றுகிறார் என்ற பேச்சைப் பரப்பினார்கள். மிரட்டல்கள் வந்தன. அவர் பணியை நிறுத்தவில்லை.

நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் ஏசாயாவின் ஏட்டைத் திறந்து, தாம் ஏழைகளுக்கு நற்செய்தியும் ஒடுக்கப்பட்டோருக்கு விடுதலையும் கொண்டுவந்ததாக இயேசு அறிவித்தார். முதலில் வியந்து கேட்ட அதே ஊரார்தான் சற்று நேரத்தில் அவரை மலையுச்சியிலிருந்து தள்ளிவிடப் பார்த்தார்கள். லூக்கா நற்செய்தி நான்காம் அதிகாரத்தில் இதைக் காண்கிறோம். ஆண்டவருக்கு நேர்ந்தது அவர் ஊழியருக்கும் நேர்ந்தது.

பேருந்துப் பயணம்

1995 பிப்ரவரி 25, சனிக்கிழமை. இராணி மரியா காலையில் உதய்நகரிலிருந்து இந்தூர் செல்லும் பேருந்தில் ஏறினார். போபால் வழியாகக் கேரளத்துக்குப் போக எண்ணியிருந்தார். பேருந்தில் சமுந்தர் சிங் என்ற இளைஞரும் ஏறினார். உள்ளூர்ச் செல்வாக்கு உள்ளவர்களால் தூண்டிவிடப்பட்டவர் அவர். நாச்சன்போர் மலைப்பகுதியில் அவர் கத்தியை எடுத்துச் சகோதரியைக் குத்தினார். பிறகு வெளியே இழுத்தும் குத்தினார். உடலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். பேருந்து நிறையப் பயணிகள் இருந்தும் தடுக்க ஒருவரும் வரவில்லை. இயேசுவின் பெயரைச் சொல்லிக்கொண்டே அந்தப் பாதையோரத்தில் உயிர் விட்டார். வயது 41. அவர் உடல் உதய்நகரிலேயே, அவர் நேசித்த மக்களிடையே அடக்கம் செய்யப்பட்டது.

அந்தப் பயணிகளைக் குறைகூற என் மனம் துணியவில்லை. நான் அந்தப் பேருந்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? இந்த வினாவை ஒவ்வொருவரும் தனக்குள் கேட்டுக்கொள்வது நல்லது.

நான்காம் படி: மன்னிப்பு

நீதிக்காகப் போராடும்போது மனத்தில் வெறுப்பு புகுந்துவிடுவது எளிது. இராணி மரியாவின் குடும்பத்தார் அந்த வெறுப்புக்கு இடம் கொடுக்கவில்லை.

சமுந்தர் சிங்குக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. தம்மைத் தூண்டிவிட்டுக் கைவிட்டவர்களைப் பழிவாங்கவேண்டும் என்று சிறையில் அவர் கொதித்துக்கொண்டிருந்தார். சுவாமி சதானந்த் என்று அழைக்கப்பட்ட கார்மேல் சபைக் குரு ஒருவர் அவரைச் சிறையில் சந்தித்துப் பொறுமையோடு பேசிவந்தார். 2002-ஆம் ஆண்டு, வடநாட்டில் பெண்கள் சகோதரர்களுக்கு ராக்கி கட்டும் திருநாளை ஒட்டி, இராணி மரியாவின் தங்கை செல்மி பவுல் சிறைக்குச் சென்றார். அக்காளைக் கொன்ற கையில் ராக்கி கட்டினார். அண்ணனாக ஏற்றுக்கொண்டார். தாய் எலீஸ்வா, தன் மகளின் இரத்தம் பட்ட அந்தக் கைகளை முத்தமிட்டார். குடும்பத்தாரும் சபையாரும் விடுதலைக்குப் பரிந்து எழுதினர். 2006-இல் சமுந்தர் சிங் விடுதலையானார். இராணி மரியாவின் கல்லறைக்குச் சென்று வணங்குவதை வழக்கமாக்கிக்கொண்டார்.

2017 நவம்பர் 4-ஆம் நாள் இந்தூரில் இராணி மரியா மறைசாட்சியாக அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். கர்தினால் ஆஞ்சலோ அமாத்தோ தலைமையில் நடந்த அந்தத் திருப்பலியில் சமுந்தர் சிங்கும் இருந்தார். பிப்ரவரி 25 அவருடைய திருநாள்.

கூரத்துக்குப் புதியதா?

இந்த மன்னிப்பின் கதையை வீட்டில் சொன்னபோது எங்கள் பாட்டி, “இது நம்ம ஊருக்குத் தெரிஞ்ச கதைதான்” என்றார். எனக்கு வியப்பாக இருந்தது. பிறகு பாட்டி கூரத்தாழ்வானைப் பற்றிச் சொன்னார்.

இராமானுசரின் தலைமைச் சீடரான கூரத்தாழ்வான் பிறந்தது நம் கூரத்தில். பெருஞ்செல்வர். அவர் மாளிகைக் கதவு இரவில் சாத்தப்படும் ஓசை காஞ்சி வரதர் கோயில் வரை கேட்டதாம். அந்தச் செல்வத்தை எல்லாம் துறந்து மனைவி ஆண்டாளோடு திருவரங்கம் சென்று குருவின் பணியில் நின்றார். பின்னர் சோழ மன்னனின் அவையில் தம் கண்களை இழந்தார். அதற்குக் காரணமாயிருந்தவன் நாலூரான். பல ஆண்டுகளுக்குப் பிறகு வரதர் சந்நிதியில் வேண்டிய வரம் கேட்கும் வாய்ப்பு வந்தபோது, தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்று ஆழ்வான் வேண்டினாராம். வைணவ குருபரம்பரை இப்படிக் கூறுகிறது.

சமயம் வேறு, காலம் வேறு. ஆனால் தீமை செய்தவனுக்கும் நன்மை வேண்டிய உள்ளம் ஒன்றுதான். நம் பள்ளியில் பல சமயத்துப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கிறோம். இரண்டு கதைகளும் நமக்குச் சொந்தம் என்பதில் எனக்குப் பெருமை.

திருச்சபை கூறுவது

துறவிகள் ஆலயத்துக்குள் செபிப்பதோடு நின்றால் போதாதா என்ற கேள்வி பழையது. தொழிலாளரின் நியாயமான கூலியைப் பற்றித் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இலேயே சுற்றுமடல் எழுதினார். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஏழைகளின் மகிழ்ச்சியும் துயரமும் திருச்சபையின் மகிழ்ச்சியும் துயரமும் ஆகும் என்ற உணர்வை வளர்த்தது. 1971-இல் கூடிய ஆயர்கள் மாமன்றம், நீதிக்காக உழைப்பது நற்செய்தி அறிவிப்பின் இன்றியமையாத பகுதி என்று தெளிவாக்கியது. அதற்கு அடுத்த ஆண்டுதான் இராணி மரியா மடத்தில் சேர்ந்தார் என்பது நினைக்கத்தக்கது.

செபத்தை விட்டுவிட்டு அவர் சமூகப் பணிக்குப் போகவில்லை. நாள்தோறும் நற்கருணை முன் முழங்காலிட்டவரே நாள்தோறும் கிராமங்களுக்கு நடந்தார். கிணற்றில் ஊற்று இருந்தால்தான் வயலுக்கு நீர் பாயும்.

நம் தறியும் நம் கடனும்

இனி என் தோழியிடம் திரும்பி வருகிறேன்.

காஞ்சிபுரம் பட்டின் சிறப்பு கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டையும் தறியிலேயே கோத்து நெய்யவேண்டும். நெய்பவர் ஒருவரால் மட்டும் அது ஆகாது. கரைக்கு நாடா தள்ளப் பக்கத்தில் இன்னொருவர் உட்காரவேண்டும். முற்காலத்தில் அந்த இடத்தில் பெரும்பாலும் பிள்ளைகளே உட்கார்ந்தார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையைப் பிறர் தறிக்கு அனுப்பும் வழக்கமும் 1990-களில் காஞ்சிப் பக்கம் இருந்தது. கொத்தடிமை முறை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. 2016-இல் திருத்தி மேலும் கடுமையாக்கப்பட்டது. பள்ளிகளும் பல தொண்டர்களும் பாடுபட்டதால் நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. ஆனால் முன்பணம் என்ற சொல் நம் தெருக்களிலிருந்து போய்விடவில்லை.

இவ்வாண்டுத் தொடக்கத்தில் எங்கள் வகுப்புச் சிஸ்டருடன் மீண்டும் தோழியின் வீட்டுக்குச் சென்றோம். இம்முறை கையில் எதுவும் கொண்டுபோகவில்லை. உட்கார்ந்து கேட்டோம். அவள் அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து சொன்னார்: “நீங்க குடுத்த நோட்டு எல்லாம் அப்படியே இருக்கும்மா. கரைக்கு நாடா தள்ள ஆள் வெச்சா கூலி குடுக்கணும். முன்பணத்துக்குப் புடிச்சது போக கையில நிக்கிறது அரிசிக்கே சரியாப் போயிடுது. அதான் புள்ளைய உட்கார வெச்சேன். எனக்கு மட்டும் ஆசையா?”

அவர் சொல்லச் சொல்ல நாங்கள் ஒரு தாளில் கணக்கு எழுதினோம். எவ்வளவு வாங்கினார், சேலைக்குச் சேலை எவ்வளவு பிடித்தார்கள், இன்னும் எவ்வளவு நிற்கிறது. கூட்டிப் பார்த்தபோது அவருக்கே திகைப்பாக இருந்தது. அவர் பயந்திருந்ததைவிடப் பாக்கி குறைவு. கைத்தறிக் கூட்டுறவுச் சங்கத்தில் சேருவது பற்றியும், அம்மா மகளிர் குழுவில் குறைந்த வட்டிக்குக் கடன் பெறுவது பற்றியும் சிஸ்டர் விளக்கினார். இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா குழுவில் சேர்ந்துவிட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அது உண்மை ஆகாது. தோழி இன்னும் காலையில் தறியில் உட்காருகிறாள். ஆனால் மாலை ஐந்து மணிக்கு மேல் அப்பா அவளை எழுப்பிவிடுகிறார். நாங்கள் மூவர் முறை வைத்துக்கொண்டு போய்ப் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத அவள் தயாராகி வருகிறாள். அந்த நோட்டுப் புத்தகங்களில் இப்போதுதான் எழுத்து விழத் தொடங்கியிருக்கிறது.

முடிவுரை

அன்புச் சகோதரிகளே! இராணி மரியாவின் வளர்ச்சியில் நான்கு படிகளைக் கண்டோம். வந்தவர்களுக்குக் கற்பித்தார். வராதவர்களைத் தேடிப்போய், அவர்கள் துன்பத்தின் காரணத்தைப் படித்தறிந்தார். அவர்கள் பக்கம் நின்று உயிரையே கொடுத்தார். அவர் விதைத்த அன்பு, கொன்றவரையும் சகோதரராக்கியது.

நாம் எல்லாரும் உதய்நகருக்குப் போகவேண்டியதில்லை. நம் தெருவிலேயே யாரோ ஒருத்தியின் பெஞ்சு காலியாக இருக்கலாம். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: கடன் சீட்டு எதிலும் கையெழுத்திடுமுன் உங்கள் மகளிடம் ஒருமுறை கொடுத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். அவள் படித்த படிப்பு முதலில் உங்களுக்குப் பயன்படட்டும்.

சிந்திக்கச் சில வினாக்கள்:

1. உன் வகுப்பில் இவ்வாண்டு நின்றுவிட்டவர் யார்? ஏன் நின்றார் என்று கேட்டாயா?

2. நீ செய்த தர்மங்களில், கேள்வி கேட்காமல் செய்தது எது?

3. உனக்குத் தீங்கு செய்த ஒருவருக்காக நீ கடைசியாகச் செபித்தது எப்போது?

அருளாளர் இராணி மரியாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!